பழைய பிக்கப்பும் ஆறு பவுண் காப்பும்

"மௌலவி, ஒரு மஸ்அலா கேக்கணும். பழைய வாகனம் ஒன்ட விக்கக்குள்ள, அதுட குறையச் சொல்லாம வித்தா ஹறாமா?"

2019 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸா வாசலில் நின்று ஒரு சகோதரி இப்படிக் கேட்டார். அவருடைய மகன் என்னிடம் ஓதிக் கொண்டிருந்தான். கணவர் மேசன். கிழக்குக் கரையோர ஊர்களில் வீடு கட்டும் வேலை எடுத்துச் செய்பவர். சொந்தமாக ஒரு கொங்கிறீட் கலக்கும் மெஷினும் வைத்திருந்தார்.

"ஹறாம்தான். ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன்.

சகோதரி சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகுதான் கதை முழுவதும் வந்தது.

கலவை மெஷினை ஊருக்கு ஊர் இழுத்துச் செல்ல ஒவ்வொரு முறையும் டிரக்டருக்கு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. உழைப்பில் ஒரு பகுதி அதற்கே போனது. 'பழைய டீசல் பிக்கப் ஒன்று இருந்தால் மெஷினையும் இழுக்கலாம், பெட்டியில் சீமெந்தும் கம்பியும் ஏற்றலாம்' என்று கணவர் யோசித்தார். லீசிங் வட்டிக்குப் பயந்து அந்தப் பக்கம் போகவில்லை. மனைவியின் ஆறு பவுண் காப்பை விற்று, சேமிப்பையும் சேர்த்து, 1990களில் வந்த ஜப்பான் பிக்கப் ஒன்றை வாங்கினார். பளபளப்பான புதுப் பெயின்ட். சீட்டுக்குப் புதிய உறை. மூன்றாவது வாரம் மெஷினை இழுத்துக் கொண்டு போகும் வழியில் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் ஹெட் வெடித்திருந்தது. பழைய வெடிப்பை ஒட்டி மறைத்திருந்த அடையாளமும் தெரிந்தது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

கராஜுக்கு வந்த ஒருவர் ஒரு வழி சொன்னாராம். ரேடியேட்டருக்குள் ஒழுக்கை அடைக்கும் மருந்தை ஊற்றி, தடித்த ஒயில் போட்டால் ஒரு மாதம் ஓடும். அதற்குள் தூரத்து ஊர் ஒன்றில் தள்ளிவிடலாம் என்று. கணவரின் மனமும் அந்தப் பக்கம் சாய்ந்து விட்டது.

"என்ட காப்பு போன மாதிரி இன்னொரு புள்ளட காப்பும் போகோணுமா மௌலவி?" என்று கேட்டார் அந்தச் சகோதரி.

அன்பான சகோதரிகளே! பழைய வாகனம் ஆண்களின் விடயம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் வாகனம் வாங்கப்படும்போது முதலில் திறக்கப்படுவது உங்களுடைய அலுமாரிதான். ஆகவே இந்த விடயத்தில் மார்க்கத்தையும் கொஞ்சம் மெக்கானிக் அறிவையும் நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஈரமான தானியமும் ஒட்டகத்தின் குளம்பும்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதற்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரத்தை அடியில் மறைத்ததைத்தான் கண்டித்தார்கள். பழுதான பிக்கப்பை விற்பது பாவமல்ல. பழுதை பெயின்டுக்கு அடியில் மறைப்பதுதான் பாவம்.

வாஸிலா பின் அல்அஸ்கஃ (ரழி) என்ற ஸஹாபியின் சம்பவம் ஒன்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துக் கூறுகிறார்கள். ஒருவர் 300 திர்ஹத்திற்கு ஒட்டகம் ஒன்றை வாங்கிக் கொண்டு போனார். அங்கே நின்றிருந்த வாஸிலா (ரழி) அவர்கள் அவரைத் துரத்திச் சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், இதன் குளம்பில் பழுது இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. வியாபாரத்தைக் கெடுத்து விட்டீரே என்று விற்றவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் கொடுத்த உறுதிமொழியை அவர்கள் நினைவுபடுத்தினார்கள்.

எதற்காக வாங்குகிறீர் என்ற அந்தக் கேள்வியில் பெரிய பாடம் இருக்கிறது. சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போதுமான பிக்கப், அரை டொன்னுக்கு மேற்பட்ட மெஷினைப் பின்னால் கட்டி இழுக்கும்போது கொதித்து விடலாம். விற்பவர் தன் வாகனம் அந்த வேலையைத் தாங்குமா என்று சொல்ல வேண்டும். வாங்குபவரும் தன் வேலை என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

'உள்ளபடி விற்கிறேன், பிறகு என்னிடம் வரக் கூடாது' என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபின் சட்டம் அப்படியல்ல. கால்நடையின் உள்ளே இருக்கும், விற்பவருக்கே தெரியாத குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றும். மற்றப் பொருட்களில் அது அவரைக் காப்பாற்றாது. விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் தெரிய வந்தால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் தெரிந்ததும் தாமதிக்கக் கூடாது. குறை தெரிந்த பிறகும் ஓட்டிக் கொண்டே இருந்தால் அந்த உரிமை கைநழுவிப் போகும்.

வாங்கப் போகுமுன் பார்க்க வேண்டியவை

அந்தக் குடும்பத்தின் அனுபவத்துக்குப் பிறகு, நல்ல மெக்கானிக் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவை இவை. வாகனம் பார்க்கப் போகும் உங்கள் கணவரிடமோ மகனிடமோ வாசித்துக் காட்டுங்கள்.

1. போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே என்ஜினை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்ரோல் என்ஜினைப் போல டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் இல்லை. காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்குவதால் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்ந்த நேரத்தில் உதவுவதற்கு மட்டும் ஹீட்டர் பிளக் உண்டு. உள்ளே தேய்ந்து போன என்ஜினில் அந்த அமுக்கம் குறைந்து விடும். விடியற்காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. எனவே சுபஹுக்குப் பிறகு போய், ஆறிய என்ஜினை உங்கள் கண் முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

2. புகையின் நிறத்தைப் பாருங்கள். அதிகமான கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பாகவோ இன்ஜெக்டர் பழுதாகவோ இருக்கலாம். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

3. என்ஜின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகைவண்டி போல ஆவி தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் பால் கலந்தது போன்ற கசடு இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலக்கிறது.

4. ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். தண்ணீரில் ஒயில் படலம் மிதந்தாலோ, ஓடும்போது குமிழிகள் விடாமல் வந்தாலோ, அந்த வாகனத்தை விட்டு விடுங்கள். அந்தச் சகோதரியின் கணவர் இதைப் பார்த்திருந்தால் ஆறு பவுணும் தப்பியிருக்கும்.

5. அடியில் படுத்து சேசிஸைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறியது மந்தமாக ஒலிக்கும். வெட்டி வெல்டிங் செய்த சேசிஸ் இழுவை வேலைக்கு உதவாது.

6. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். அக்காலத்து ஹைலக்ஸில் வந்த 2779 சீசீ 'த்ரீ எல்' என்ஜின் நீண்ட காலம் உழைத்தது. ஆனால் அதற்கும் 1 இலட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பெல்ட் மாற்ற வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக் கொள்ளும். ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கில் எடுங்கள்.

7. பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் பினான்ஸ் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீரவில்லை என்று அர்த்தம். கையொப்பமிட்ட திறந்த கடதாசியோடு வருடக்கணக்கில் ஓட்டுவது ஆபத்து. உடனே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். வருமான வரிப் பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றையும் பாருங்கள்.

பெயின்ட் கடைசியில்

அந்தச் சகோதரியின் கணவர் மறுநாள் மஃரிபுக்குப் பிறகு என்னிடம் வந்தார். நான் நீண்ட பயான் எதுவும் செய்யவில்லை. ஒட்டகத்தின் சம்பவத்தை மட்டும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். "அப்ப எனக்கு ஏமாத்தினவருக்கு ஒண்டுமில்லையா மௌலவி?" என்றார். "அவருடைய கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. உங்களுடைய கணக்கு இன்னும் எழுதப்படவில்லை" என்றேன். எழுந்து போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாவித்த ஹெட் ஒன்று எடுத்து வந்திருப்பதாக மகன் சொன்னான்.

திருத்த வேலைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நம்மவர்கள் முதலில் டின்கரிங், பெயின்ட் என்று போய்க் காசை முடித்து விடுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது பிரேக், ஸ்டியரிங், டயர். உயிர் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. இரண்டாவது, சூட்டைத் தணிக்கும் பகுதிகள்: ரேடியேட்டரைக் கழுவி அடைப்பு நீக்குதல், தண்ணீர் பம்ப், ஹோஸ் குழாய்கள். சுமை இழுக்கும் என்ஜின் அதிகம் சூடாகும். ஹெட் வெடிப்பது பெரும்பாலும் இங்கே நேர்ந்த கவலையீனத்தால்தான். புது ஹெட் போட்டுவிட்டுப் பழைய அடைத்த ரேடியேட்டரையே மாட்டினால் அதுவும் வெடிக்கும். மூன்றாவது, டீசல் பகுதி: தாங்கியைக் கழற்றிக் கசடை அகற்றுதல், ஃபில்டர் மாற்றுதல், இன்ஜெக்டர்களைப் பரிசோதித்தல். நான்காவது கிளச்சும் பின் ஸ்பிரிங் பட்டைகளும். இவையெல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் பெயின்ட்.

இவர்களுக்கு மிஞ்சவில்லை. நான்கு மாதங்கள், வேலை கிடைத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார்கள். மனைவி மகனின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு செலவையும் எழுதினார். முதல் பக்கத்தில் அவர் எழுதியது: காப்பு, ஆறு பவுண், கடன்.

இதைக் கவனியுங்கள் சகோதரிகளே. உங்கள் மஹரும் உங்களுக்குச் சொந்தமான நகையும் உங்களுடையவை. கணவர் கேட்டால் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுக்கலாம், அது நன்மை. கடனாகவும் கொடுக்கலாம், அதுவும் நன்மை. ஆனால் எது என்று அன்றே தெளிவாகப் பேசி எழுதிக் கொள்ளுங்கள். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம், கடனை எழுதிக் கொள்வதைப் பற்றியதாகும். புருஷன் பெண்சாதிக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள், மௌத்துக்குப் பிறகு வாரிசுகளுக்கிடையே வரும் சண்டைகளைப் பார்த்திராதவர்கள். பவுணைப் பவுணாகத் திருப்புவதா, விற்ற பணத்தைத் திருப்புவதா என்பதையும் அன்றே எழுத வேண்டும். தங்கத்தின் விலை ஏறிய பிறகு அதைப் பேசினால் மனம் முறியும்.

இழுக்கும்போது

மெஷினை இழுக்கும் கொக்கியை பம்பரில் பூட்டக் கூடாது. சேசிஸோடு பெரிய போல்ட் கொண்டு பூட்ட வேண்டும். இழுக்கப்படும் பாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால் இழுபடும் பொருள் பாம்பு போல் ஆடி, முன்னால் போகும் வாகனத்தையும் கவிழ்த்து விடும். கொக்கி கழன்றாலும் விடாமல் பிடிக்க ஒரு சங்கிலி கட்டாயம் வேண்டும். கலவை மெஷினுக்கு பிரேக் இல்லை. அதன் சில்லுகள் வேகத்துக்குச் செய்யப்பட்டவையும் அல்ல. ஆகவே மெதுவாகத்தான் போக வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்க வேண்டும். இரவில் பின்விளக்கில்லாமல் மெஷினை இழுத்துச் செல்வது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் இன்னொருவருடைய பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

வீட்டுக்குள் வரும் ஒயில்

திருத்த வேலை நடந்த நாட்களில் அந்தச் சகோதரி இன்னொரு மஸ்அலாவும் கேட்டனுப்பினார். டீசல் பட்ட உடுப்போடு தொழலாமா?

டீசலும் என்ஜின் ஒயிலும் நஜீஸ் அல்ல. அவை பட்ட உடுப்போடு தொழுதால் தொழுகை கூடும். என்றாலும் பள்ளிக்கு அந்த வாடையோடு போய் அடுத்தவருக்குத் தொல்லை கொடுக்காமல் உடுப்பை மாற்றுவது சிறந்தது. வுழூவின் விடயம் வேறு. கையில் கிரீஸ் படலமாக ஒட்டியிருந்தால் தண்ணீர் தோலில் படாது. அதை நீக்காமல் வுழூ நிறைவேறாது. படலம் போய்க் கறையின் நிறம் மட்டும் எஞ்சியிருந்தால் குற்றமில்லை. கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் கிரீஸ் போய்விடும். கழற்றிய பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ கானிலோ ஊற்ற விடாதீர்கள். நமது மணற்பாங்கான ஊர்களில் மேலே ஊற்றியது கிணற்றுக்குள் இறங்க அதிக நாள் செல்லாது. கலன் ஒன்றில் சேர்த்து கராஜுக்கே கொடுத்து விடச் சொல்லுங்கள்.

பிறகு நடந்தவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய பிக்கப்களின் விலை, வாங்கியவர்களே நம்ப முடியாத அளவுக்கு ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதி மீண்டும் திறக்கப்படும் வரையில், ஓடக்கூடிய எந்தப் பழைய வாகனத்துக்கும் ஆள் தேடி வந்தார்கள். இவர்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஒருவர் நல்ல விலை பேசினார். மேசன் எல்லாவற்றையும் சொன்னார்: ஹெட் பாவித்தது, இடது பக்கக் கதவின் அடி துரு, நான்காவது கியரில் ஒரு சத்தம். வந்தவர் விலையைக் குறைத்தார். மேசன் விற்கவில்லை. அந்த விலைக்கு இன்னொரு வாகனம் எடுத்தால் அதன் குறையை யார் தனக்குச் சொல்வார் என்று யோசித்தாராம்.

2022 இல் டீசல் வரிசையில் இரண்டு இரவுகள் நின்றார். கலன்களில் வாங்கி வைத்த டீசலோடு தண்ணீரும் கசடும் சேர்ந்து வந்தன. ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு முறை இறக்கிவிடப் பழகிக் கொண்டார். தாங்கி முழுவதும் வற்றினால் குழாயில் காற்றுப் புகுந்து, கைப்பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றும் வரை டீசல் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அதனால் கால்வாசிக்குக் குறைய விடுவதில்லை. வேலை இல்லாத அந்த மாதங்களில் காப்புக் கடனில் ஒரு சதமும் திரும்பவில்லை. தங்கத்தின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போனது. பவுணைப் பவுணாகத் திருப்புவதாக எழுதியிருந்தார்கள். 'காசாகத் தாறன், விட்டுத் தாங்க' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சென்ற ரமழானுக்கு முன்பு அந்தச் சகோதரியை மத்ரஸாவின் பரிசளிப்பு நிகழ்வில் கண்டேன். மகன் இப்போது வளர்ந்து வாப்பாவோடு வேலைக்குப் போகிறான். "கொப்பி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மௌலவி. ரெண்டு பவுண் வந்திட்டு. நாலு பாக்கி" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "வராட்டியும் பரவாயில்ல. ஆனா எழுத்த அழிக்க மாட்டன் எண்டு சொல்லிட்டார்."

வெளியே பிக்கப் நின்றது. பெயின்ட் இன்னும் அடிக்கப்படவில்லை. கதவில் துருவுக்குப் பூசிய சிவப்பு மருந்து அப்படியே தெரிந்தது. பின்னால் மெஷின் சங்கிலியோடு பூட்டப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் முதல் தரத்திலேயே ஸ்டார்ட் ஆகியது. அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் வாகனம் வாங்கும் பேச்சு வந்தால், அலுமாரியைத் திறக்குமுன் ஒரு கொப்பியைத் திறந்து வையுங்கள். வாங்கும்போது எல்லாக் குறைகளையும் கேளுங்கள். விற்கும்போது எல்லாக் குறைகளையும் சொல்லுங்கள். உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தும் இருவரின் வியாபாரத்தில்தான் பரகத் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரினதும் உழைப்பை ஹலாலானதாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.